கருவியின் விலையும் கையின் விலையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாம் எழுதப் புகுந்ததோ பலகை தேய்க்கும் மின்கருவி ஒன்றைப் பற்றி. இக்கல்லூரியின் பழைய மாணவர் சிலர் உவந்தளித்த பணத்தை ஒரு நற்பணியிற் செலவிடும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அதற்குரிய ரூபாக் கணக்கை முன்னரே கொடுத்துவிட்டோம். அக்கணக்கேட்டில் எழுத இயலாத செலவு ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதனை இங்கே எழுதுகின்றோம்.

நாம் பணிபுரியும் பாடசாலை, ஹட்டனுக்கு அண்மையில், தேயிலைத் தோட்டம் ஒன்றினுள்ளே உள்ளது. நாலாயிரம் அடிக்கு மேலான குளிர்நிலம் அது. மழைக்காலத்தில் மேசைப் பலகைகள் ஈரத்தை உண்டு பருக்கும். வெயில் கண்டதும் வெடிக்கும். எழுதுந் தாள் கிழிவதும், பிள்ளைகளின் முழங்கையிற் சிராய் ஏறுவதும் அங்கு அன்றாட நிகழ்ச்சிகள். 2024 டிசம்பர் விடுமுறையில் அறுபது மேசைகளைத் தேய்த்து மெருகிடுவதென முடிவாயிற்று. எம்மிடம் முன்னர்த் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் இப்பொழுது தச்சுத் தொழில் செய்கின்றார். அவரையே அவ்வேலைக்கு அமர்த்தினோம். அவருடைய தாயார் அத்தோட்டத்திலேயே கொழுந்து பறிப்பவர்.

கையால் தேய்ப்பதாயின் விடுமுறை போதாது. ஆகவே மின் தேய்ப்பி ஒன்று வேண்டியிருந்தது. பட்டறைகளில் இதனைச் 'சாண்டர்' என்பர். வட்டமான தட்டொன்றின் அடியில் அரத்தாளை ஒட்டிப் பலகைமேல் வைத்தால், தட்டு தானும் சுழன்று, அதே வேளை மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் அளவான சிறு வட்டத்திலும் அசையும். நிமிடத்துக்குப் பன்னீராயிரம் வரை அசைவுகள் உண்டு. இவ்விரு அசைவுகளும் கலப்பதனால் கீறல்கள் ஒரே வரிசையில் விழாமல் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் 80 ஆம் இலக்கத் தாள், பின்னர் 120, முடிவில் 180 என, இலக்கம் ஏற ஏறத் தாள் நொய்மையாகும்.

கடைகளில் விசாரித்தபொழுது விலைகளின் வேறுபாடு எம்மைத் திகைக்க வைத்தது. ஜெர்மனியின் பெஸ்டூல், பின்லாந்தின் மிர்கா போன்ற உயர்தரக் கருவி ஒன்று ஐரோப்பாவில் ஏறத்தாழ 500 யூரோ. அந்நாளைய நாணய மதிப்பில் 150,000 ரூபா அளவாகும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் அவ்வாண்டிலேதான் 1,350 ரூபா ஆயிற்று. அவ்விலை ஒரு தாயின் நூற்றுப்பத்து நாட்கூலி என்று கணித்தபொழுது, அதனை நினைத்தலும் பாவம் என எமக்குத் தோன்றியது. அதன் பத்திலொரு பங்கு விலைக்கு, பெயரறியாத கருவி ஒன்று கிடைத்தது. அதனையே வாங்கினோம்.

உண்மையை மறையாது உரைக்கவேண்டும். சிக்கனம் ஒன்றே எம்மை அவ்வழியிற் செலுத்தவில்லை. 'குறைந்த பணத்தில் நிறைந்த மேசைகள்' என்று அறிக்கையில் எழுதும் ஆசையும் எம்முள் இருந்தது.

முதல் வாரம் வேலை நன்றாகவே நடந்தது. பழுத்த கறுப்பு நிறம் நீங்கி, மரத்தின் இயல்பான ரேகை வெளிப்பட்டது கண்டு மகிழ்ந்தோம். எட்டாம் நாட் காலை அவ்விளைஞர்க்குத் தேநீர்க் கோப்பையை நீட்டினோம். அவர் ஒரு கையாற் பற்றாது, இரு கைகளாலும் ஏந்தி வாங்கினார். காரணம் வினவினோம்.

"சேர், மேசை நல்லா வழவழன்னு வந்துருக்கு. என் விரலுக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார்.

சொல்லிச் சிரித்தார், சிரிப்பினிடையே இருமினார். அப்பொழுதுதான் அவ்வறையை நாம் உற்று நோக்கினோம். கரும்பலகையிலும் யன்னற் கம்பியிலும் அவர் இமைமயிரிலும் மா அரைத்தாற்போல் மரத்தூள் படிந்திருந்தது. கருவியுடன் வந்த துணிப்பை பருந்தூளை மட்டும் பிடித்து, நுண்தூளை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மேசைகளிற் சில, தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சவுக்குப் பலகையால் ஆனவை. அம்மரத்தூள் சிலருடைய தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கவல்லது. அவருடைய மணிக்கட்டுகளிலும் அத்தகைய சிவப்புக் காணப்பட்டது. அன்று பிற்பகல், முப்பத்தெட்டாம் மேசையின்மேல், கருவி தானும் புகைந்து நின்றது.

வேலையைச் சில நாள் நிறுத்தி, அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். பின்னர், கட்டார் நாட்டிற் பல்லாண்டு தச்சராயிருந்து மீண்டு ஹட்டனிற் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர், தாம் கொணர்ந்த பின்லாந்துக் கருவியையும் அதனோடு குழாய் பூட்டிய தூசியுறிஞ்சியையும் ஒருநாள் இரவலாகத் தந்தார். எமது பழைய கருவியையும் பழுது நீக்கி, ஒரே மேசையை இரண்டாகப் பகுத்து, இடப்பாதியை ஒன்றாலும் வலப்பாதியை மற்றொன்றாலும் அவரே தேய்த்துக் காட்டினார். முடிந்தபின் கண்ணை மூடி இரு பாதிகளையும் தடவிப் பார்த்தோம். எது விலை கூடிய கருவி தேய்த்தது என்று எம்மாற் சொல்ல இயலவில்லை. மீண்டும் தடவினோம், அப்பொழுதும் இயலவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. இடப்பக்கத் தரை வெளுத்திருந்தது. வலப்பக்கத் தரை பெருக்கிய நிலையிலேயே கிடந்தது. கருவிகளை எமது கையில் தந்து இயக்கியபொழுது, ஒன்று முழங்கை வரை அதிர்ந்தது. மற்றது உள்ளங்கையில் இரைந்ததே அன்றி உதறவில்லை.

விலை கூடிய சாண்டர் தகுமா என்ற வினாவுக்கு அம்மேசையே விடை தந்தது. கூடுதலான பணம் பெரும்பாலும் பலகைக்குப் போவதன்று. கருவியைப் பிடிக்கும் மனிதனின் மூச்சுக்கும் நரம்புக்கும் போவது. பலகையைப் பொறுத்தவரை, நல்ல அரத்தாளும், இலக்கம் தாண்டாத பொறுமையும், கருவியை அழுத்தாது தன் எடையிலேயே நகர விடும் பழக்கமும் இருப்பின், எளிய கருவியும் ஏறக்குறைய அதே வழவழப்பைத் தரும்.

மரத்தூள் வெறும் அழுக்கென்று நாம் எண்ணியிருந்தோம். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஹை விக்கம் பகுதியில், தளபாடத் தொழிலாளரிடையே மூக்கினுள் வரும் அரிய புற்றுநோய் மிகுந்திருத்தலை மருத்துவர்கள் கண்டு, 1968 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். 1995 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது ஐயமற்றது என முதலாம் பிரிவிற் சேர்த்தது. அதிர்வும் அத்தகையதே. நெடுங்காலம் அதிரும் கருவியைப் பற்றுவோர்க்கு விரல்கள் வெளிறி உணர்விழக்கும் நோய் உண்டாதல் கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் விதி வகுத்தது. எட்டு மணி நேர வேலைக்குச் செக்கனுக்குச் செக்கன் 2.5 மீற்றர் என்னும் அதிர்வு அளவைக் கடந்தால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்கவேண்டும். 5 மீற்றரைக் கடத்தல் ஆகாது. இந்நோயைக் குளிர் தூண்டும் என்பது எம்போன்ற மலைநாட்டார் மறக்கலாகாத செய்தி.

அவ்விளைஞர்க்கு அந்நோய் வந்துவிடவில்லை. சில நாள் ஓய்வில் விரல்களின் உணர்வு மீண்டது; இருமலும் தணிந்தது. அது எமது நற்பேறு. எமது அறிவின் பயனன்று.

அதன்பின் நாம் என் செய்தோம்? மிக உயர்ந்த விலைக் கருவியை வாங்கினோமல்லோம். இருபத்திரண்டு மேசைகளே எஞ்சியிருந்தன. உதிரிப்பாகம் இலங்கையிற் கிடைக்கக்கூடிய நடுத்தர விலைச் சாண்டர் ஒன்றையும், அதனோடு பூட்டத்தக்க தூசியுறிஞ்சி ஒன்றையும், நல்ல அரத்தாளையும், நுண்தூள் தடுக்கும் முகக்கவசங்களையும் வாங்கினோம். அனைத்தும் சேர்ந்தும் உயர்தரக் கருவி ஒன்றின் விலையை எட்டவில்லை. ஒருமணி நேரம் தேய்த்தால் கால்மணி நேரம் கையாறுதல் என்று விதியும் வகுத்தோம். எஞ்சிய வேலை நாலு நாள் பிந்தியே முடிந்தது. முதலிலேயே இவ்வாறு செய்திருப்பின், முதற் கருவியின் விலையும் மருத்துவச் செலவும் மிஞ்சியிருக்கும்.

எமது துணிபு இதுவே: வீட்டுக் கதவு ஒன்றையும் நாற்காலி நான்கையும் தேய்க்க விரும்புபவர்க்கு எளிய கருவி போதும், முகக்கவசமும் திறந்த முற்றமும் இருந்தாற் சரி. விடுமுறை தோறும் வேலை செய்யும் பாடசாலைக்கு நடுத்தரக் கருவியும் தூசியுறிஞ்சியும் தகும். நாள் முழுதும், ஆண்டு முழுதும் அதனைப் பிடித்தே பிழைக்கும் தச்சருக்கோ, உயர்ந்த விலை ஆடம்பரமன்று. நூற்றுப்பத்து நாட்கூலி என்று முன்னர் நாம் அஞ்சிய அத்தொகையை, அவர் உழைக்கவிருக்கும் முப்பது ஆண்டுகளாற் பகுத்துப் பார்த்தல் வேண்டும்.

வாரி வழங்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கட்டடமோ தளபாடமோ எதுவாயினும், மதிப்பீட்டுத் தாள் உங்கள் கைக்கு வரும்பொழுது, எத்தனை மேசை என்று கேட்பதோடு அமையாது, கருவியை யார், எத்தனை நாள் பிடிக்கப் போகின்றார் என்றும் கேளுங்கள். அக்கேள்வி எம்மிடம் கேட்கப்பட்டிருப்பின், முதல் வாரத்திலேயே நாம் நாணியிருப்போம்.

அறுபது மேசைகளும் இன்று வகுப்பில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் இடப்பாதியை ஒரு கருவியும் வலப்பாதியை வேறொரு கருவியும் தேய்த்தன என்பதை அறியாது, இரு பிள்ளைகள் அருகருகே அமர்ந்து எழுதுகின்றனர். அறிந்த நாம் அதனைக் கடக்குந்தோறும் இடப்பக்கத்தில் ஒரு கணம் கை வைத்துச் செல்கின்றோம்.