ஷோல்டர் பதினஞ்சு, நெஞ்சு முப்பத்தெட்டு

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்களில் பலர் சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை போட்டிருக்கிறார்கள். வெயிலுக்கும் தூசிக்கும் அதைவிடக் காப்பு கிடையாது. பெரும்பாலும் வீட்டுக்காரர் போட்டுத் தேய்ந்த சட்டை. காலர் நைந்து, தோள் தொங்கி, கை விரல்நுனி வரை வந்து நிற்கும். அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதே மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிற பெண், தனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையும் பேண்ட்டும் போட்டு நடந்தால் மட்டும் தலைகள் திரும்புகின்றன. கணவன் சட்டையைப் பொறுத்துக்கொள்கிற ஊருக்குச் சொந்தச் சட்டை உறுத்துகிறது.

அவருக்குத் தைத்துக் கொடுக்கிற மாஸ்டரைப் பார்க்கப் போனேன். பழனி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் சின்னக் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் டேபிள். ரெடிமேட் வந்த பிறகு பாதி வேலை ஆல்டரேஷன்தான், மீதி ஸ்கூல் யூனிஃபார்ம் என்கிறார். இளவயதில் திண்டுக்கல்லில் போலீஸ் உடுப்பு தைக்கும் கடையில் இருந்தாராம். தமிழ்நாடு போலீஸில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1973-இல். அவர்களுக்குக் காக்கிச் சட்டை, பேண்ட் வெட்டிப் பழகிய கை என்பதால் இந்த வேலை தனக்குப் புதிதில்லை என்றார்.

புதிதில்லை என்றாலும் சுலபமில்லை. “ரெடிமேட் சட்டைய நெஞ்சுக்குப் பாத்து எடுத்தா தோள் தொங்குமுங்க. தோளுக்குப் பாத்து எடுத்தா மூணாவது பட்டனுக்கும் நாலாவது பட்டனுக்கும் நடுவுல வாயப் பொளக்கும். அதையும் தாண்டினா கீழ இடுப்புல பிடிக்கும்.” மண்டிப் பெண்ணின் அளவு நோட்டில் இருக்கிறது: ஷோல்டர் 15, நெஞ்சு 38, இடுப்புக்குக் கீழே சீட் 40. நெஞ்சு 38-க்குச் சரியாக வருகிற ஆண் சட்டையில் தோள் 17-க்குக் குறைவாக வருவது அரிது. அந்த இரண்டு இஞ்சில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

நான் போனபோது மண்டிப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வெட்ட வேண்டியிருந்தது. நெஞ்சளவை மட்டும் மாஸ்டரின் மனைவி டேப் பிடித்துச் சொல்ல, மாஸ்டர் எழுதிக்கொண்டார். “லூஸ் எவ்வளவு வெக்கட்டும் கண்ணு?” என்றார். “போன தடவ மாதிரியே இருக்கட்டும்ணே, கை மட்டும் அரை இஞ்சு குறைங்க.” கேள்வி அவ்வளவோடு முடிந்தது.

பிளவுஸில் டாட் பிடிப்பது நெஞ்சை எடுத்துக் காட்ட. இங்கே அதே டாட்டை ஒளிக்க வேண்டும். மாஸ்டர் முன்பாகத்தில் அரை இஞ்சு டாட்டை ஆம்ஹோலிலிருந்து இறக்குகிறார். அதன் ஒரு முனை கை மூட்டும் தையலோடு கலந்துவிடுகிறது, மறுமுனை பாக்கெட்டுக்கு அடியில் போய்விடுகிறது. இந்தச் சட்டைக்கு இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட் போடுவது அதற்காகத்தான். இடுப்பில் வளைவே கிடையாது, பக்கத் தையல் நேராக இறங்குகிறது. சீட்டில் பிடிக்காமல் இருக்கக் கீழே இரண்டு இஞ்சு ஓப்பன் விடுகிறார். பட்டனை வழக்கம்போல் காலரிலிருந்து கணக்குப் பண்ணாமல், நெஞ்சின் மேடான இடத்தில் முதலில் ஒன்றைக் குறித்துக்கொண்டு மேலும் கீழும் பிரிக்கிறார். இடப்பக்கப் பட்டி மேலே வர, ஆண் சட்டை பூட்டுகிற மாதிரியே பூட்டுகிறது.

பேண்ட்டை சீட் அளவுக்கு வெட்டி, இடுப்பில் மிஞ்சுவதைப் பின்நடுத் தையலில் பிடிக்கிறார். ஆண்கள் பேண்ட்டில் அந்த இடத்தில் துணி தாராளமாக மடித்து விட்டிருப்பார்கள். வயிறு ஏறினாலும் இறங்கினாலும் பிரித்துத் தைக்கலாம். பாக்கெட்டுக்குள் கை முழுக்க இறங்குகிறதா என்று அவரே கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறார்.

மண்டிப் பெண்ணின் உடுப்புக் கணக்கு சிக்கனமானது. வெள்ளை, இளநீலம், சின்னக் கட்டம் என்று மூன்று சட்டை. கறுப்பிலும் சாம்பலிலும் இரண்டு பேண்ட். எந்தச் சட்டையும் எந்தப் பேண்ட்டோடும் சேரும். விசேஷத்துக்கு ஒரு வேட்டி, வீட்டுக்குக் கைலி, பாச்சலூர், தாண்டிக்குடி என்று மலைக்கு மேலே போகிற நாளுக்கு ஒரு ஜெர்கின். ஆண்கள் ஷூ கடையில் ஆறாம் நம்பருக்குக் கீழே கிடைப்பதில்லை, அதனால் பையன்கள் பகுதியில் ஸ்கூல் ஷூ. பெல்ட்டுக்குக் கூடுதலாக ஒரு ஓட்டை. உள்ளே ஸ்போர்ட்ஸ் பிராவும் திருப்பூர் பனியனும். பேண்டேஜ் துணியைச் சுற்றி நெஞ்சை இறுக்குவதை அவர் விட்டுவிட்டார். மூட்டை நடுவே ஓடும்போது மூச்சு முட்டுமாம். “மெல்லிசு பாப்ளின் வேண்டாம், கொஞ்சம் கனமான காட்டன் எடு, போதும்” என்று அதற்கு வழி சொன்னவர் மாஸ்டர்தான்.

“ஆம்பளையா மாறணும்னு எனக்கு இல்லைங்க. நான் பொம்பளதான். இப்படி இருந்தாத்தான் நானா இருக்கேன்” என்றார். திருநம்பிகளின் வழி வேறு, இவர் வழி வேறு. இப்படி உடுத்துகிறவர்களில் பெண்ணையே விரும்புகிறவர்கள் உண்டு, அப்படி இல்லாதவர்களும் உண்டு. மாஸ்டர் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

தலைமுடிக்கு அவர் கண்டுபிடித்த வழி இந்த ஊர்க்காரர்களுக்கே தோன்றக்கூடியது. முதல் தடவை பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். முடி காணிக்கை என்றால் யார் கேட்பார்கள்? வளர்ந்த முடியை அப்படியே கிராப்பாக வைத்துக்கொண்டார். சில மாதம் கழித்துத்தான் கேள்வி ஆரம்பித்ததாம்.

காரணம் காட்டினால் ஊர் விட்டுவிடுகிறது. தஞ்சை மண்ணில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை கிராப்பும் வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக நடமாடினார். இளவயதில் கணவரை இழந்த அவருக்குப் போராட்டம் ஒரு காரணமானது. 1953-இல் மறைந்த அவரை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலில் எழுதினார். தூத்துக்குடி மாவட்டத்தில் கணவர் இறந்தபின் மகளை வளர்க்க, முப்பது வருஷத்துக்கு மேல் ஆணாகவே வாழ்ந்த ஒரு தாயைப் பற்றி 2022-இல் பத்திரிகைகள் எழுதின. பாராட்டாதவர் இல்லை. போராட்டம், பிள்ளை, நேர்த்திக்கடன், வெயில் எல்லாம் செல்லும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது மட்டும் செல்லாது.

செல்லாதபோது வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்காரர்கள் இருவரின் வழக்கு சாட்சி. சேர்ந்து வாழச் சென்னைக்குப் போன அந்தப் பெண்களைத் தேடிப் பெற்றோர் காணவில்லை புகார் கொடுத்தார்கள். 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்கள் மனம் ஒத்துச் சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்றால் போலீஸ் தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மண்டிப் பெண்ணின் வீட்டில் இதுவரை சண்டை வேட்டியோடு நிற்கிறது. சித்தி மகள் கல்யாணத்துக்கு வேட்டி கட்டினால் வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டை அதே கல்யாணத்துக்குத்தான்.

இதே மாவட்டத்து நத்தத்தில் ரெடிமேட் சட்டை டஜன் கணக்கில் தைத்து வெளியூர் போகிறது. அங்கே ஒருவர் ஷோல்டர் 15, நெஞ்சு 38-க்கு வெட்டினால் என்ன என்று மாஸ்டரிடம் கேட்டேன். “ஆர்டர் இருந்தா நாளைக்கே வெட்டுவாங்க. அவங்களுக்கு நூறு வேணும், எனக்கு ஒண்ணு போதும்” என்றார். கூலியும் ஆண் சட்டைக்கு வாங்குவதுதான். பழனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மண்டிப் பெண் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்துபோயிருக்கிறார்கள். “அதனால அட்டையிலயே வெட்டி வெச்சிட்டேனுங்க. இனி யார் வந்தாலும் அங்கங்க கூட்டிக் கொறச்சுக்குவேன், முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.”