வராதவர்களின் பங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பேரனுக்கு மே மாதம் புதுநன்மை என்று எழுதியிருந்தீர்கள். மனசு நிறைந்தது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள்: "அங்கே கோயிலெல்லாம் காலியாகி, விலைக்கு வருகிறதாமே. அந்த ஜனங்களுக்கு நன்மை வாங்குவது இனி எதற்கு?" போனில் சொல்லித் தீர்கிற பதில் இல்லை என்பதால் இந்த மடலை அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நான் இருக்கும் ஊர் எஸ்ஸன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. நிலக்கரியையும் எஃகையும் நம்பி வாழ்ந்த தொழிலாளிகளுக்காக 1958-இல் அமைத்த மறைமாவட்டம் அது. அந்த நாளில் ஒவ்வொரு சுரங்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரில் மூடினார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே 259 பங்குகளை 43 ஆகச் சுருக்கியாகிவிட்டது. எங்கள் பங்கு என்று இன்று சொல்வது முன்பு தனித்தனியாக இருந்த ஐந்தாறு பங்குகளைத்தான். பெரிய கோயிலில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் முன்வரிசைகளிலேயே அடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு வந்து பாருங்கள். வெள்ளை ஞாயிறு என்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கும் நாள். கையில் பூவேலை செய்த நீள மெழுகுதிரி, பின்னால் தாத்தா பாட்டி, ஞானப்பெற்றோர். கோயில் நிரம்பி வாசலிலும் ஆள் நிற்கும். எங்கள் பங்கில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கியைக் கோயிலே இரவல் கொடுக்கிறது. கடையில் விலை உயர்ந்த கவுன் எடுக்க முடிந்த வீடு எது, முடியாத வீடு எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இந்த வழக்கத்தை முதன்முதலில் யோசித்தவர் யாரோ, நன்மை என்றால் என்ன என்று சரியாக விளங்கிக்கொண்டவர். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு இன்னும் குறையும். பங்குத்தந்தை இதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே இறங்கிவிடும். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் நன்மையின் பொருளைத் தேட நான் உங்களை அந்த விழாவுக்கு அழைத்துப்போக மாட்டேன். வேறு ஓர் இடத்துக்குப் போவோம்.

பூசையில் எல்லாரும் நன்மை வாங்கி முடித்ததும், கடைசி ஆசீருக்கு முன்னால், குருவானவர் சில பேரைப் பீடத்துக்குக் கூப்பிடுவார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நற்கருணை கொண்டுபோகிற பொதுநிலையினர். நானும் அதில் ஒருத்தி. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொன்னிறச் சிமிழில், போகிற வீட்டின் கணக்குப்படி அப்பம் வைத்துக் கொடுப்பார். கழுத்தில் தொங்கும் சிறு பையில் அதைப் போட்டுக்கொண்டு, ஜனங்கள் பார்க்க நடுப்பாதை வழியே இறங்கி வெளியே போவோம். எங்கும் நிற்கக் கூடாது, வழியில் அரட்டை கூடாது, நேராக அந்த வீடு.

நான் போகிற வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. சுரங்கத் தொழிலாளியின் விதவை, தொண்ணூறு தாண்டியவர். நான் போகுமுன்பே மேசையில் வெள்ளைத் துணி விரித்திருப்பார். அதன்மேல் நின்ற வாக்கில் ஒரு பாடுபட்ட சிலுவை, இரண்டு மெழுகுதிரித் தண்டு, தீர்த்தத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தம்ளர் தண்ணீர். இந்தச் சாமான்களை இங்கே பழைய கத்தோலிக்க வீடுகளில் ஒரு பெட்டியில் சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வீட்டில் யாருக்காவது அவஸ்தை நேரம் வந்து சாமியார் வந்தால் எடுக்க வேண்டுமென்று பெண்ணுக்குக் கல்யாணத்தின்போதே கொடுத்தனுப்புவதும் உண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்கை அம்மா துடைத்து வைப்பதுபோல அவர் அந்தத் தண்டுகளைத் துடைத்து வைத்திருப்பார்.

பாவ மன்னிப்பு மன்றாட்டு, அன்றைய நற்செய்தியிலிருந்து சில வரிகள், கர்த்தர் கற்பித்த செபம். பிறகு சிமிழைத் திறந்து அப்பத்தை உயர்த்திக் காட்டி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்பேன். அவர் "ஆமென்" என்பார். தொண்டை இறங்காத நாட்களில் அப்பத்தில் ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நுனியானாலும் குறை ஒன்றும் இல்லை, முழுக் கிறிஸ்துவே வருகிறார் என்பது நமது விசுவாசம். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருப்பார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்றைக்குப் பூசைக்கு யார் யார் வந்தார்கள்? சொல்வேன். அந்த வரிசையில் இன்னார் ஏன் இல்லை என்பார். எனக்குத் தெரிந்திருக்காது. அவர் போனை எடுப்பார்.

அக்கா, படியிறங்கிக் கோயிலுக்கு வர முடியாத அந்த அம்மாதான் எங்கள் பங்கில் யார் விடுபட்டுப்போனார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார். நற்கருணை இதைத்தான் செய்கிறது என்று நான் நம்புகிறேன். எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமான அந்தரங்கமாக அதைச் சின்னதில் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கியதும் முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அந்தரங்கம் வேண்டியதுதான். ஆனால் கண்ணைத் திறந்ததும் பக்கத்தில் யார் இல்லை என்று கேட்கத் தூண்டாத நன்மை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இது இந்தக் காலத்துப் புதுச் சிந்தனை ஒன்றும் இல்லை. உரோமை நகரில் ஏறக்குறைய கி.பி. 155-இல் புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும் என்று வரிசையாகச் சொல்லி வருகிறவர், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோகிறார்கள் என்பதையும் மறக்காமல் சேர்க்கிறார். உடனே அடுத்ததாக, வசதி உள்ளவர்கள் கொடுக்கும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது என்கிறார். அவருக்கு இரண்டும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய விஷயம். அவருக்கும் நூறு வருஷம் முன்னால், கொரிந்தில் பணக்காரர் முந்தி வந்து சாப்பிட்டு முடிக்க, உழைத்துவிட்டுப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அவர்களுக்குக் கோபத்தோடு எழுதினார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று சொல்லிவிட்டார்.

நடுவில் எத்தனையோ நூற்றாண்டு ஜனங்கள் நன்மைக்கு அருகில் வரவே பயந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பாஸ்காக் காலத்திலாவது வாங்குங்கள் என்று 1215-இல் இலாத்தரன் சங்கம் கட்டளை போட வேண்டியிருந்தது. 1905-இல் புனித பத்தாம் பயஸ் அடிக்கடி, முடிந்தால் தினமும் வாங்கலாம் என்றார். 1910-இல் ஏழு வயது, புத்தி விவரம் வந்தால் போதும், பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள் என்று இன்னொரு ஆணை. நம் ஆச்சி நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் பூசைக்குப் போன கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உபவாசம் 1957-இல் மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமாகியது. 1973-க்குப் பிறகு என்னைப் போன்ற ஒருத்தி கையிலும் சிமிழ் வந்தது. நூறு ஆண்டில் திருச்சபை செய்ததெல்லாம் பீடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் குறைத்ததுதான். ஜனங்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் இருந்த தூரம் வேறு கதை.

வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். 1872-இல் கட்டி முடித்த திருக்குடும்ப ஆலயம். ஒரே பீடம், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து போகிற இரண்டு நீளக் கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார்களும் பிறரும். நடுவில் சுவர். பூசை வைக்கிற குருவை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே அந்தக் கட்டட வேலை. அதே ஊரில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகி, துன்பப்பட்டு, 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வந்தபோது இங்கே தமிழர் எல்லாரும் கைகோத்துக் கொண்டாடினோம். அவர் திருச்சபைக்குள் நுழைந்த ஊரிலேயே சுவரும் இருந்தது. ஒரே அப்பத்தை ஒரே குரு இரண்டு பக்கமும் கொடுத்தார். வாங்கியவர்கள் "ஆமென்" என்றார்கள். எதற்கு ஆமென் சொன்னார்கள்?

கௌசானல் சாமியார் 1910-இல் அந்தச் சுவரை இடித்தார். சின்னப் பிள்ளைகளுக்கும் நன்மை கொடுங்கள் என்ற ஆணை உரோமையில் வந்த அதே வருஷம். அதனால் எழுந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது. பூசையைவிட அந்த இடிப்பில் நற்கருணை அதிகம் கொண்டாடப்பட்டது என்று நான் சொன்னால் நம் ஊர்க் குருமார் சிலர் முகம் சுளிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். கோயிலுக்குள் சுவர் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் பிரிவினை நிற்கிறது. உயிரோடிருக்கையில் ஒரே வரிசையில் நன்மை வாங்கியவர்களைச் செத்த பிறகு பிரித்து அடக்கம் செய்கிறோம். பேரன் புதுநன்மைக்கு முன் கேட்டுப் பழக வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

இங்கே சுவர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டன்ட் சபையாரும் ஏறக்குறைய சரிபாதியாக வாழ்ந்தவர்கள். புருஷன் ஒரு சபை, பெண்சாதி ஒரு சபை என்கிற குடும்பம் எங்கள் தெருவிலேயே பல உண்டு. அப்படி ஒரு தம்பதி எங்கள் பூசைக்குத் தவறாமல் வருவார்கள். வரிசையில் ஒன்றாக வருவார்கள். அந்த அம்மா நன்மை வாங்குவார். கணவர் கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டித் தலை குனிவார். குரு அவர் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் கொடுப்பார். இத்தனை வருஷமும் அப்படியே. 2018-இல் ஜெர்மன் ஆயர்களில் பெரும்பாலோர், இப்படிப்பட்ட துணைவர்கள் தங்கள் குருவோடு பேசி, மனச்சாட்சிப்படி தீர்மானித்து நன்மைக்கு வரலாம் என்று ஒரு வழிகாட்டியைத் தயாரித்தார்கள். கர்தினால் வோல்கி உள்பட ஏழு ஆயர்கள் உரோமைக்கு எழுதித் தடை கேட்டார்கள். கடைசியில் அது ஆயர் பேரவையின் ஆணையாக அல்லாமல் ஒரு வழித்துணை ஏடாக மட்டும் வெளிவந்தது. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் வழியில் போகிறது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2015 நவம்பரில், உரோமையிலுள்ள லுத்தரன் கோயிலில் ஒரு பெண் இதே வேதனையைத் திருத்தந்தை பிரான்சிஸிடம் கேட்டார். ஆண்டவரோடு பேசி முன்னே நடங்கள், அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்று அவர் பதில் சொன்னார். ஒரே நம்பிக்கை இல்லாமல் ஒரே அப்பத்தைப் பகிர்வது பொய்யாகிவிடும் என்கிறவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். அப்பம் மலிவாகிவிடக் கூடாது என்கிற கவலை அது. ஆனால் சிமிழை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற எனக்கு, பெண்சாதிக்குப் பின்னால் நெஞ்சில் கை கட்டி நிற்கிற அந்த மனுஷர் பரதேசியாகத் தெரியவில்லை.

2020 மார்ச் நடுவில் இங்கே பொதுப் பூசைகளை நிறுத்தினார்கள். குருமார் ஆளில்லாக் கோயிலில் பூசை வைத்ததைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தோம். ஆவியில் நன்மை வாங்கும் செபத்தைச் சொன்னோம். அது ஆறுதலாக இருந்தது, மறுக்கவில்லை. முதியோர் இல்லங்களின் கதவுகள் அடைத்திருந்தன. சிமிழ் அலமாரியில் இருந்தது. மூன்றாம் மாடி அம்மா அந்த வாரங்களில் ஞாயிறு தவறாமல் மேசைத் துணியை விரித்து, மெழுகுதிரி ஏற்றி, பெட்டியில் வரும் பூசை முடிந்ததும் எனக்குப் போன் செய்வார். யார் யார் சுகமாக இருக்கிறார்கள் என்று கேட்பார். நன்மை வராத ஞாயிறும் அவர் தன் கணக்கை விடவில்லை.

பேரனுக்கு வெள்ளி ஜெபமாலை அனுப்புகிறேன். வீட்டில் விருந்து வைப்பீர்கள், நல்லது. ஒன்று மட்டும் செய்யுங்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டு, உங்கள் அன்பியத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களில் ஒரு வீட்டுக்காவது அன்றைக்கே நற்கருணை கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். அதே வெள்ளைச் சட்டையோடு அவனும் கூடப் போகட்டும், மெழுகுதிரி பிடித்துக்கொண்டு. கோயிலுக்கு வந்தவர்கள் பெயரை அந்த வீட்டுக்காரருக்கு அவன் வாயாலேயே சொல்லட்டும். எந்த வீடு, யார் அவர் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மேலே ஏறும்போது அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

பிரியமுள்ள தங்கை