சுருக்கு

பள்ளிகளுக்குப் போகும்போது நான் தூக்கிச் செல்லும் நீலப் பையில் ஒரு புலி முகமூடி, பிளாஸ்டரில் வார்த்த புலிக் கால்தடம், பழுதாகிப்போன ஒரு தானியங்கி கேமரா, வண்ணப் பென்சில்கள், பிறகு ஒரு கம்பிச் சுருக்கு இருக்கும். சுருக்கு நிஜமானது. ரோந்துக் குழு காட்டிலிருந்து கழற்றியது. பிள்ளைகளிடம் முகமூடியைவிட அதற்குத்தான் மவுசு அதிகம். கையில் வாங்கியதும் முதல் வேலையாகப் பக்கத்தில் இருப்பவனின் மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள்.

வனவிலங்குகளையும் இளையோர் கல்வியையும் சேர்த்துச் செய்யும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். பதவியின் பெயர் சமூகத் தொடர்பு அலுவலர். அம்மா இதை யாருக்கும் விளக்கியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், “டீச்சர் மாதிரி” என்று சொல்லிவிடுவார். என்னிடம் மட்டும், “புலியக் காப்பாத்தப் போறேன்னு சொல்லிட்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா சுத்துறியே, புலியப் பாத்திருக்கியா?” என்பார். பார்த்ததில்லை. கேமராவில் விழுந்த படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருக்கின்றன. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் எழுந்து நிற்கின்றன. காட்டில் இருப்பவை ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பாடக் குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆள் வேண்டும் என்றபோது என்னை எடுத்தார்கள். முதல் மூன்று மாதம் மொழிபெயர்ப்புதான் வேலை. அழுங்கு, தேவாங்கு, சருகுமான், மரநாய் என்று அகராதியிலிருந்து பொறுக்கி எடுத்துப் பெருமையாகப் பட்டியல் போட்டேன். முதல் வகுப்பிலேயே அது சரிந்தது. மரநாய் என்றால் யாருக்கும் தெரியவில்லை. படத்தைக் காட்டியதும், “அக்கா, இது மூசாங்!” என்று மொத்த வகுப்பும் கத்தியது. தெனோக்குக்குத் தமிழில் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். தாபிர் என்றேன். “அதுவும் மலாய்தானே?” என்றாள். ஆனால் கூகை விஷயத்தில் நான் ஜெயித்தேன். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் அதை ‘ஆந்தப் பொட்டி’ என்பார்கள். உள்ளே இருப்பது வேறு வகை, அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, கூகை என்று எழுதிப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் பாட்டிமாருக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும், பெயர் என்னவாக இருந்தாலும் வீட்டுக்கு எதிரே கத்தினால் நல்லதில்லை என்று சொல்லியனுப்பினாராம்.

இப்போது சொல்ல வந்த விஷயம். குளுவாங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு தோட்டப்பள்ளி. பெயர் வேண்டாம். யானைகள் நடமாடும் பகுதி. இளஞ்செம்பனையின் குருத்தை ஒரே ராத்திரியில் வரிசையாகப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விடும். பிள்ளைகள் யானை லத்தியை வைத்தே நேற்றையதா இன்றையதா என்று சொல்வார்கள். எனக்கு இன்னமும் அது வராது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சுருக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது யாரையும் பார்த்துப் பிடிக்காது. பன்றிக்கு வைத்ததில் புலியின் கால் மாட்டும், யானைக்குட்டியின் தும்பிக்கை மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். கம்பியை அறுத்துக்கொண்டு ஓடினாலும் காயம் சீழ்பிடித்துச் சாகும். மனப்பாடமாகிவிட்ட வசனங்கள். நாற்காலிக் காலில் கட்டிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். அதுவரை வாயே திறக்காதவன்.

“அக்கா, இப்படி வச்சா மாட்டாது.”

கம்பியை என் கையிலிருந்து வாங்கினான். முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டான், வளையத்தைச் சின்னதாக்கினான், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று விரலால் அளந்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வகுப்பு கைதட்டியது. எனக்கும் கைதட்டத் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அத்தனை அழகான வேலை. வகுப்பாசிரியை மட்டும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யார் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அப்பா,” என்றான், சிரித்துக்கொண்டே.

அடுத்துத் திரையில் வரவேண்டியது புகார் எண். ‘சுருக்கைப் பார்த்தால் உடனே அழையுங்கள்’ என்று கொட்டை எழுத்தில், தொலைபேசியைக் கையில் பிடித்த புலிக்குட்டிப் படத்துடன். நான்தான் மொழிபெயர்த்தேன், புலிக்குட்டிக்கு வசனம் எழுதியதும் நான்தான். பையன் எழுந்த இடத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தான். வாசித்தான். சிரிப்பு போனதைப் பார்த்தேன். அடுத்த படத்துக்குத் தாவினேன், அது வரைதல் போட்டி.

ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் கருத்து, அப்புறம் ‘வனவிலங்குக் குற்றம் தொடர்பான தகவல் ஏதேனும் கிடைத்ததா?’ என்று ஒரு கட்டம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பது குற்றம். 2022இல் திருத்தம் வந்து தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. அந்தத் திருத்தத்தை வரவேற்றுப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. படிவத்தை நான்கு நாள் அனுப்பவில்லை. மேலாளர் இரண்டு முறை கேட்டார்.

ஐந்தாம் நாள் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். விதிமுறைப்படி தனியாகப் போகக்கூடாது. பழைய லயத்து வீடு. வரிசையில் பாதி காலி, மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பம் மூன்றோ நான்கோதான். அவர் குலை வெட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தேநீர் வைத்தார். பையன் உள்ளே இருந்து வரவில்லை.

“பள்ளிக்கூடத்துல எம்மவன் ஒங்களுக்கே பாடம் எடுத்தானாமே,” என்றார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. பெருமை மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, ரிப்போர்ட் எழுதணும். அதான் நேர்ல வந்தேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பன்னிக்குத்தாம்மா வைக்கிறது. புலிக்கு வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பின்னாடி மரவள்ளி போட்டிருக்கேன், ஒண்ணு மிஞ்ச விடாது,” என்றார்.

புலி தின்பதும் அந்தப் பன்றியைத்தான் என்றேன். யானைக்குட்டியைச் சொன்னேன். கேட்டார், தலையாட்டினார். பிறகு வாசலுக்கு எதிரே கண்ணுக்கு எட்டியவரை வரிசையாக நின்ற செம்பனையைக் காட்டி, “இதெல்லாம் காடும்மா. எங்க தாத்தாவக் கொண்டாந்து வெட்டச் சொன்னான், வெட்டுனாரு. பால் மரம் நட்டான். அப்புறம் அதையும் வெட்டிட்டு இத நட்டான். ஆன எங்க போவும்? அதுக்கும் நாந்தான் கேசா?” என்றார்.

நான் படித்த கட்டுரைகளில் இதற்குப் பதில் உண்டு. வாழிடம் சுருங்கியது ஒரு காரணம், வேட்டை இன்னொரு காரணம், முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. இப்போதும் அதையே நம்புகிறேன். காட்டை அழித்தவன் வேறு என்பதால் கம்பி அறுத்த கால் ஆறிவிடாது. ஆனால் அவர் முற்றத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு அது வாயில் வரவில்லை. என் தாத்தாவும் பகாங்கில் பால் மரம் வெட்டியவர்தான். தீபாவளிக்கு முந்தின ராத்திரி உடும்புக் கறி சமைத்த கதையை இன்றும் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன்.

“எடுத்துடுங்க அண்ணே. எத்தனை வச்சிருக்கீங்களோ எல்லாத்தையும். எடுத்துட்டா நான் எழுத மாட்டேன்.”

“எடுத்துடுறேன்,” என்றார்.

அன்று இரவு படிவத்தின் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். அவர் எடுத்தாரா தெரியாது. எடுக்காமல் இருந்து, ஏதாவது ஒன்று மாட்டியிருந்தால், அதில் எனக்கும் பங்கு உண்டு. இதைப் படிக்கும் என் துறை நண்பர்கள் சிலர் நான் செய்தது தவறு என்பார்கள். இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் வீட்டுக் கதையை வாங்கி அவன் அப்பாவைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை ‘சமூகத் தொடர்பு’ என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அடுத்த மாதம் அதே வகுப்புக்குப் போனபோது பையன் முன்வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தான். சுருக்கை வெளியே எடுக்கவில்லை. முகமூடியை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. கூகைப் பெட்டியில் குஞ்சு இருக்கிறதாமே என்று பேச்சுக் கொடுத்தேன். “தெரியாதுக்கா,” என்றான். பக்கத்திலிருந்தவள், “பொய்க்கா, இவன்தான் எங்களுக்குக் காட்டுனான்,” என்றாள். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான்.

மேலாளரிடம் தோட்டப்பள்ளிகளில் புகார் எண்ணைக் காட்ட வேண்டாம், பெரியவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசுவோம் என்றேன். “எழுத்துல கொடு,” என்றார். கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, ஒரு கூட்டம் நடத்திப் பார் என்று அனுமதி வந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மாரியம்மன் கோயில் கொட்டகையில் வைத்தோம். சுண்டல் தீரும்வரை முப்பது பேர் இருந்தார்கள், பேச ஆரம்பித்தபோது பதினோரு பேர். பாதிப் பேர் யானையைப் பற்றித்தான் கேட்டார்கள். மின்வேலி போடுவார்களா, குலை வெட்டப் போகும்போது எதிரே வந்தால் என்ன செய்வது, பிடித்துக்கொண்டு போய் விடமாட்டார்களா. முகமூடி, கால்தடம் எதையும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைக் குறித்துக்கொண்டேன்.

முடியும் நேரத்தில் ஒரு மோட்டார் வந்து கொட்டகைக்கு வெளியே நின்றது. பையனின் அப்பா. இறங்கவில்லை, இஞ்சினையும் அணைக்கவில்லை. பொருள்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், “மரவள்ளி போச்சும்மா. மொத்தமும்,” என்றார்.

அப்படியானால் எடுத்துவிட்டார். அல்லது எடுத்துவிட்டேன் என்று என்னிடம் காட்டிக்கொள்ள வந்திருக்கிறார். கேட்கவில்லை.

“பன்னி வந்தா யாருக்குப் போன் போடணும்? சட்டப்படி செய்யணும்னீங்கள்ல. நம்பரக் குடுங்க.”

இருந்தது ஒரே எண்தான். புலிக்குட்டி கையில் பிடித்திருந்த அதே எண். படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். மோட்டார் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.