குளம் தூர்வாரும் முதலாளிகள்

கோவையில் 2003இல் தண்ணீர்ப் பஞ்சம் கழுத்தை நெரித்தபோது, ஊரின் தொழில் நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அறக்கட்டளை 'சிறுதுளி'. நொய்யல் ஆற்றை நம்பியிருந்த குளங்களைத் தூர்வாரினார்கள். கிருஷ்ணாம்பதி குளம் அவற்றில் ஒன்று. 'லாபம் பார்க்கிறவர்களுக்குக் குளத்தில் என்ன அக்கறை, எல்லாம் விளம்பரம்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரமும் இருக்கட்டுமே. லாரித் தண்ணீரை நம்பி ஓர் ஆலையை எத்தனை நாள் ஓட்ட முடியும்? நிலத்தடி நீர் வற்றினால் முதலாளி வீட்டு ஆழ்துளைக் கிணறும் காற்றைத்தான் இறைக்கும். அந்தச் சுயநலத்தால் ஊருக்கு நன்மைதான்.

நீர்நிலைகளைக் கெடுத்தவர்களும் தொழிலதிபர்கள்தானே என்ற கேள்விதான் கனமானது. உண்மைதான். அதே நொய்யலில், கீழே திருப்பூர்ச் சாயக்கழிவு இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாகிப்போனது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு அதன் பிறகுதான் அங்கே வேகம் பிடித்தது. சட்டத்தின் பிடி தளர்ந்தால் எந்தக் கூட்டமைப்பாலும் ஆற்றைக் காப்பாற்ற முடியாது என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரில் தொழிலதிபர்கள் குளம் தூர்வார வந்தால் தயங்காமல் கைகொடுங்கள். அவர்களுடைய ஆலைக் கழிவு எங்கே போகிறது என்பதையும் அன்றே கேளுங்கள்.