ஒரே மேடை, ஒரே மைக்

இருபது ஆண்டுகள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மலை நகரம் ஐஸ்வால். இன்று அங்கே தேர்தல் வந்தால் எதிரிகள் அருகருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். இது எப்படி முடிந்தது? அந்த மேடையில் இன்னும் யாருக்கு இடமில்லை?

தேர்தல் நெருங்கினால் ஐஸ்வாலின் பேட்டைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சமுதாயக் கூடத்தில் ஒரு மேடை. அதில் வரிசையாக நாற்காலிகள். தொகுதியில் நிற்கும் வேட்பாளர்கள் அவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுங்கட்சிக்காரர், அவரைக் கவிழ்க்க வந்தவர், இருவரையும் சாடும் மூன்றாமவர், டெபாசிட் தேறுமா என்று தெரியாத சுயேச்சை. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து கொடுக்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். எதிரே இருக்கும் கூட்டம் எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. லாரியில் அழைத்து வரப்பட்ட கூட்டமல்ல, பேட்டைவாசிகள்.

மேடை போட்டது தேர்தல் கமிஷன் அல்ல. மிஸோரம் பீப்பிள் ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்பு. பிரஸ்பிடேரியன் சர்ச்சின் முன்முயற்சியில் 2006இல் இது பிறந்தது. இளைஞர், பெண்கள், முதியோர் சங்கங்கள் இதற்குத் தோள் கொடுக்கின்றன. தேர்தலுக்கு முன் கட்சிகளோடு எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்வது இதன் வழக்கம். வாக்காளருக்கு விருந்து கூடாது, பணம் கூடாது, கொடிக்கும் பேனருக்கும் வரம்பு உண்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. சொல்ல வேண்டியதைப் பொது மேடையில் சொல்ல வேண்டும், எதிராளி கேட்கும்படி.

இந்தியாவின் மற்ற பல பகுதிகளில் கனவு போலத் தோன்றும் இந்த ஒழுங்கு, ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்தே பிரிந்து போவதாக அறிவித்த மண்ணில் வேர்விட்டிருக்கிறது.

ஐஸ்வாலுக்குப் போவது இப்போது முன்பைவிடச் சுலபம். 1998இல் லெங்புய் விமான நிலையம் வந்தது. 2025 செப்டம்பரில் பைராபி - சைராங் ரயில் பாதை திறக்கப்பட்டது. சுமார் 51 கிலோமீட்டர் தூரம் சுரங்கமும் பாலமுமாக மலையைக் குடைந்து வந்து, நகருக்கு 20 கிலோமீட்டர் முன்னால் ட்லாங் ஆற்றங்கரையில் ரயில் நின்றுவிடுகிறது. வெளி மாநிலத்தவருக்கு இன்னர் லைன் பர்மிட் தேவை. சொந்த நாட்டுக்குள் பயணம் செய்ய அனுமதிச் சீட்டா என்று முதன்முறை வருபவர் முகம் சுளிக்கலாம். எண்ணிக்கையில் சிறிய மக்களுக்கு அது ஒரு வேலி. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11 லட்சம்தான்.

நகரம் ஒரு மலை முகட்டில் தொற்றிக்கொண்டிருக்கிறது. தெருவிலிருந்து நுழைந்தால் அது கட்டடத்தின் மூன்றாவது மாடியாக இருக்கும். மற்ற மாடிகள் கான்கிரீட் தூண்களில் நின்றபடி சரிவில் கீழே இறங்கிப் போகும். தெருக்கள் குறுகல், வண்டிகள் ஏராளம். ஆனால் ஹாரன் சத்தம் அபூர்வம். கார்கள் ஒரு வரிசை, இருசக்கர வண்டிகள் இன்னொரு வரிசை. காலி இடம் கண்டதும் யாரும் குறுக்கே பாய்வதில்லை. நகருக்கு வெளியே சேலிங் பக்கம் நெடுஞ்சாலையோரம் மூங்கில் குடிசைக் கடைகள் இருக்கின்றன. காய்கறி இருக்கும், விலை எழுதியிருக்கும், பணம் போட ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் இருக்க மாட்டார். காட்டு வயலுக்கு வேலைக்குப் போயிருப்பார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, இயல்பிலேயே சாதுவான மக்கள் என்று முடிவு கட்டுவது பயணிகளின் வழக்கம். நகரின் பேட்டைப் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. தாவ்ர்புய் வெங், ரிபப்ளிக் வெங், சிங்கா வெங். வெங் என்றால் பேட்டை. 1966 மார்ச் 5ஆம் தேதி இந்திய விமானப் படையின் விமானங்கள் குண்டு வீசிய பகுதிகள் இவை. சொந்த நாட்டின் நகரம் ஒன்றின் மீது விமானப் படை குண்டு வீசியது அப்போதுதான்.

அதன் தொடக்கம் ஒரு பூ. மிஸோ மலைகளில் ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் படையெடுக்கும். மிஸோக்கள் இதை மாவ்தாம் என்கிறார்கள், மூங்கில் சாவு. 1959இல் அது வரப்போகிறது என்று பெரியவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்போது மிஸோ மலைகள் அஸ்ஸாமின் ஒரு மாவட்டம். அஸ்ஸாம் அரசு அதை மூடநம்பிக்கை என்பது போலக் கேட்டுக்கொண்டது. பஞ்சம் சொன்னபடியே வந்தது. நிவாரணத்துக்காகத் தொடங்கிய மிஸோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் பெயரிலிருந்த பஞ்சத்தை உதறிவிட்டு மிஸோ தேசிய முன்னணி ஆனது. முன்னாள் ராணுவ ஹவில்தார் லால்டெங்கா அதன் தலைவர். 1966 மார்ச் 1ஆம் தேதி அது சுதந்திரப் பிரகடனம் செய்தது.

அடுத்து வந்தது இரு தரப்புக்கும் நடுவே சிக்கிய ஜனங்களின் காலம். 1967இலிருந்து கிராமங்களைக் காலி செய்து, சாலையோர முகாம்களில் மக்களைக் குவித்தது ராணுவம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இப்படி வேரோடு பெயர்க்கப்பட்டன. ஒரு பக்கம் ராணுவத்தின் சந்தேகம், மறு பக்கம் காட்டிலிருந்தவர்களின் வசூலும் துப்பாக்கியும். இரண்டுக்கும் இடையே பேச முடிந்தவர்கள் போதகர்கள்தான். ராணுவ முகாமுக்கும் போய் வந்தார்கள், காட்டிலிருந்தவர்களிடமும் தூது போனார்கள். வன்முறையைக் கண்டித்ததால் ஒரு தரப்பின் கோபமும், ராணுவ அத்துமீறலைச் சொன்னதால் மறு தரப்பின் கோபமும் அவர்கள் மேல் விழுந்தன. 1976இல் ஏற்பட்ட ஓர் உடன்பாடு நிலைக்கவில்லை. ஆனாலும் பேச்சு முற்றிலும் அறுந்துவிடவில்லை.

1986 ஜூன் 30. மத்திய உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதான் ஓய்வு பெறும் நாள். அன்றுதான் டெல்லியில் லால்டெங்காவும் பிரதானும் மாநிலத் தலைமைச் செயலர் லால்காமாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை மிஸோரம் ரெம்னா நி, அதாவது சமாதான நாள், என்று நினைவுகூர்கிறது.

காகிதத்தில் கையெழுத்து விழுவது சமாதானத்தின் சுலபமான பாதி. கஷ்டமான பாதி நாற்காலி. அப்போது முதலமைச்சராக இருந்தவர் காங்கிரஸின் லால் தன்ஹவ்லா. மக்கள் வாக்களித்துக் கிடைத்த பதவி அவருடையது. அதை அவர் லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்தார், அவருக்குக் கீழே துணை முதலமைச்சராகவும் இருந்தார். நேற்று வரை அரசு தேடிக்கொண்டிருந்த மனிதர் இன்று அரசுத் தலைமையில். 1987 பிப்ரவரி 20இல் மிஸோரம் தனி மாநிலமானது. அதையொட்டி நடந்த தேர்தலில் லால்டெங்காவின் கட்சி வென்றது.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 1988இல் கட்சித் தாவலால் லால்டெங்கா ஆட்சி கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1989 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. ஒரு காலத்தில் தனி நாடு கேட்டுப் படை நடத்தியவருக்கு இது மறுபடி காட்டுக்குப் போகப் போதுமான காரணம். அவர் போகவில்லை. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். 1990இல் இறந்தார். இந்தியாவின் பல சமாதான ஒப்பந்தங்கள் கையெழுத்தான பிறகும் தள்ளாடியிருக்கின்றன. மிஸோரம் ஒப்பந்தம் நின்றதற்கு, விட்டுக்கொடுத்த ஒரு முதலமைச்சரும் தோல்வியை ஏற்றுக்கொண்ட ஒரு கிளர்ச்சித் தலைவரும் முக்கியக் காரணங்கள்.

அதன்பின் நாற்காலி இரண்டு கட்சிகளுக்கு இடையே மாறி மாறிப் போய் வந்தது. லால்டெங்காவின் செயலராகக் காட்டில் இருந்த ஸோரம்தங்கா 1998இல் முதல்வரானார். 2008இல் மறுபடி லால் தன்ஹவ்லா. 2018இல் மறுபடி ஸோரம்தங்கா. 2023இல் இரு கட்சிகளையும் தள்ளிவிட்டு 40க்கு 27 இடம் பிடித்தது ஸோரம் மக்கள் இயக்கம். அதன் தலைவர் லால்துஹோமா இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பணியில் இருந்த முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி. கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி இழந்த முதல் மக்களவை உறுப்பினரும் அவர்தான். ஸோரம்தங்கா தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அந்தத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஞாயிறு ஆலய நாள், மாற்றுங்கள் என்று கட்சிகளும் சர்ச்சும் சங்கங்களும் ஒரே குரலில் கேட்டன. திங்கட்கிழமைக்கு மாறியது. வெட்டிக்கொள்ளும் கட்சிகளுக்கும் பொதுவான ஒரு தளம் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சின்ன சாட்சி.

அந்தத் தளத்தின் பெயர் ட்லாங்ஙைஹ்னா. தன்னைப் பின்னுக்குத் தள்ளிப் பிறருக்கு உதவுவது என்று சுமாராகச் சொல்லலாம். 1935இல் தொடங்கிய யங் மிஸோ அசோசியேஷன் அதை நிறுவனமாக்கியது. ஒரு வீட்டில் சாவு என்றால் குழி தோண்டுவதும் இரவெல்லாம் துணை இருப்பதும் பேட்டைக் கிளையின் பொறுப்பு. எந்தக் கட்சிக்காரர் வீடு என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. நாளை என் வீட்டுக்குக் குழி தோண்ட வரப்போகிறவனை இன்று மேடையில் எவ்வளவு தூரம் திட்டிவிட முடியும்? ஃபோரத்துக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. ஊரின் பார்வைதான் அதன் அதிகாரம்.

ஊரின் பார்வைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர் என்பதற்குள் யார் யார் வருகிறார்கள்? 1997இல் மிஸோக்களுக்கும் புரூ இனத்தவருக்கும் மோதல் மூண்டபோது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புரூக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம் வாழ்க்கை. 2018 தேர்தலில் அவர்கள் முகாமிலேயே வாக்களிக்கலாமா, எல்லை தாண்டி வந்துதான் வாக்களிக்க வேண்டுமா என்று தகராறு எழுந்தது. ஐஸ்வாலில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு, தலைமைத் தேர்தல் அதிகாரியை மாற்றச் சொன்னார்கள். சங்கங்கள்தான் முன்னால் நின்றன. அதிகாரி மாற்றப்பட்டார். புரூக்கள் எல்லையோரம் கான்முன் கிராமத்துக்கு வந்து வாக்களித்தார்கள். 2020 ஜனவரி ஒப்பந்தப்படி அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த முடிவாயிற்று. வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்த சமூகம், அண்டை இனத்தோடு அப்படி உட்கார முடியவில்லை.

பெண்கள் நிலையும் யோசிக்க வைக்கும். சந்தையை நடத்துபவர்கள் அவர்கள், வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிட அதிகம். ஆனால் சட்டமன்றத்தில் பெண் உறுப்பினரே இல்லாத ஆண்டுகள்தான் மிகுதி. 2023இல் மூன்று பெண்கள் வென்றது அங்கே சரித்திரம். அவர்களில் ஒருவரான பேரில் வன்னைசாங்கி 2024இல் சபாநாயகரானார். தேர்தலுக்கு நடுவர் வேலையை மத அமைப்பு செய்யலாமா என்ற கேள்வியும் நியாயமானது. சர்ச்சுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த மேடை எவ்வளவு பொது? கட்டுப்பாடு மிகுந்தால் பணமில்லாத புதியவருக்கு அது பாதுகாப்பு. அதுவே முகம் தெரியாத புதியவருக்குத் தடையாகவும் ஆகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மிஸோரம் சாதித்ததை அளக்க ஓர் அளவுகோல் மூங்கில் காட்டிலேயே இருக்கிறது. 48 ஆண்டு கழித்து, 2007இல் மூங்கில் மறுபடி பூத்தது. இந்த முறை பூக்கும் என்று அரசு நம்பியது, முன்கூட்டித் திட்டம் போட்டது, எலி வாலுக்கு 2 ரூபாய் சன்மானமும் கொடுத்தது. அப்போது முதல்வர் ஸோரம்தங்கா, 1959 பஞ்சம் பெற்றெடுத்த இயக்கத்தின் பிள்ளை. ஆனாலும் எலிகள் வயலை அழித்தன. நிவாரணம் சரியில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தல். ஃபோரம் மேற்பார்வை செய்த முதல் சட்டமன்றத் தேர்தலும் அதுதான். ஆளுங்கட்சிக்கு 40இல் 3 இடம் கிடைத்தது. ஸோரம்தங்கா பதவியை விட்டு இறங்கினார்.

முதல் பஞ்சத்தின் கோபம் காட்டுக்குப் போனது, திரும்பி வர இருபது ஆண்டுகள் ஆயின. இரண்டாவது பஞ்சத்தின் கோபம் வாக்குச் சாவடிக்குப் போய்விட்டு அன்று மாலையே வீடு திரும்பிவிட்டது.