98 டிகிரி

சொல்லிக்கொண்டு அணைவதில்லை. திரை கறுக்கிறது, விசிறிச் சத்தம் நிற்கிறது. அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பெண்ணின் லேப்டாப். கடைசி வருட ப்ராஜெக்ட் முழுக்க அதில். வேறு பிரதி கிடையாது. முதலில் அதைப் பென் டிரைவில் ஏற்றியாயிற்று. மற்றதெல்லாம் பிறகு.

ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41. ஒழுங்காக மூடாமல் மறுபடி கிளம்பியது என்று மட்டும் சொல்லும். சூடா, பேட்டரியா, சொல்லாது.

அணைந்த கையோடு பட்டனை அழுத்தினால் கிளம்பி, உடனே மறுபடி அணைகிறது. சற்று ஆறவிட்டால் ஓடுகிறது. சூடுதான்.

சும்மா இருக்கும்போதே 71. வீடியோ ஓடினால் 98.

இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100. நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணைப்பு. சிப் எரியாமல் தப்புவது அதனால்தான்.

காற்று வெளியேறும் வாயில் கை வைத்தால், கொதிக்கிறது. ஆனால் மெலிசாக வருகிறது.

தூசி.

விசிறிக்கும் செதில்களுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாக வந்தது. போர்வை நூல், நீளமான முடி. முகர்ந்தால் சாம்பிராணி வாசனை.

ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

இப்போது காற்று பலமாக வருகிறது. ஆனால் வெதுவெதுப்புதான். திரையில் இன்னும் 91.

சூடு விசிறி வரைக்கும் வந்தே சேரவில்லை என்று அர்த்தம். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட்தான் காரணம்.

ப்ராசஸரிலிருந்து விசிறிக்குப் போகும் செப்புக் குழாய் வெறும் செம்பு இல்லை. காற்றை உறிஞ்சி அடைத்த குழாய், உள்ளே துளி தண்ணீர். அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி நீராகி, சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். 1963இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டியது. விண்வெளிக்காக யோசித்தது.

இங்கே மெத்தை மேல் கிடக்கிறது.

ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் பொடி எழுத்தில் 1, 2, 3, 4. அந்த வரிசையில்தான் முறுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூலையை ஒரேயடியாக முறுக்கினால் மற்ற மூலை தூக்கிக்கொள்ளும்.

பழைய பேஸ்ட் தொட்டால் உதிர்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய துணி. புதியது ஒரு பயறளவு போதும்.

பேஸ்ட் வாங்கிய ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்: "மே மாசம் வந்தா இதேதான் சார். ஃபேன் சர்வீஸ், ஃபேன் சர்வீஸ்."

நுங்கம்பாக்கம், 2003 மே 31: 45 டிகிரி.

மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்லும் அறை வெப்பம் 10 முதல் 35 வரை.

அந்தப் பெண்ணின் அறை மாடியில். மேலே மொட்டை மாடி. சீலிங் ஃபேன் தளத்துச் சூட்டைத்தான் கீழே இறக்குகிறது. ஏசி கீழே, ஹாலில். அங்கே டிவி ஓடும்.

அடியில் பின்பக்கத்து ரப்பர் கால்கள் இரண்டும் இல்லை. எப்போது விழுந்தனவோ. காற்று புகும் இடைவெளியே அதுதான். பாட்டில் மூடிகளை ஒட்டியாயிற்று.

பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100க்குப் பதில் 99. டர்போ நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம்!

ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னாராம் யாரோ. வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும்.

டச்பேடை விரலால் தடவிப் பார்த்தேன். சமமாக இருக்கிறது. மேடு தட்டினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றோடு நிறுத்திவிட வேண்டும். குத்திப் பார்க்கக் கூடாது.

அதே வீடியோ. 79.

"இனிமே அணையாதா அங்கிள்?"

கட்டிலில் வைக்காதே என்றேன். மேசை இல்லையே என்றாள்.

அவள் அப்பாவிடம் பேச வேண்டும். டிவி ஹாலில்தான் இருக்க வேண்டுமா என்று.