மைனி போட்ட இரண்டாம் ஓட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க நின்றேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது பேரன் இருக்கிறான்) பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். "சார், நீங்க கணக்கு வாத்தியாரு. சரியாச் சொல்லுவீங்க. அடுத்த வருஷம் விஜய் வருவாரா மாட்டாரா?" கடையில் நின்ற நாலு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

முன்னெல்லாம் இப்படி யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். 2006-இல் விஜயகாந்த் தனியாக நின்றபோது இதே கடையில் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் சதவீதம் போட்டுக் காட்டியவன் நான். எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார், விருத்தாசலம் ஒன்றில்தான் ஜெயித்தார். என் கணக்கு ஓரளவு சரியாக இருந்ததில் பல வருஷம் பெருமை எனக்கு.

இந்தத் தடவை, "எனக்குத் தெரியலப்பா" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. சாருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான். காரணம் அது இல்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன். இந்தச் செப்டம்பர் 21-ஆம் தேதியோடு அதற்கு ஒரு வருஷம் ஆகிறது.

எங்கள் குடும்பத்தில் சின்னவர்களுக்குத் தெரியாத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரர். மழை பொய்த்த ஒரு வருஷம், கங்காணி ஒருவர் பின்னால் மண்டபம் கேம்ப் போய், தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். என் அப்பாவைப் படிப்புக்காகச் சின்ன வயசிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை அங்கேயே வளர்ந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

தாமிரபரணித் தண்ணீர் குடித்த அப்பாவுக்கு இங்கே ஓட்டு இருந்தது. அத்தைக்கு அங்கே இல்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும், 1949-இல் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடும் ஓட்டும் இல்லாதவர்களாக்கிவிட்டன. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். வகுப்பில் நான் நடத்திய வகுத்தல் கணக்கு மாதிரியே இருக்கிறது. அதில் இருந்தவர்கள் மனிதர்கள்.

அத்தை வரமாட்டேன் என்றுவிட்டாள். "எங்க ஐயாவைப் புதைச்ச மலைய விட்டு எங்கே வாரது?" என்று கடிதம் எழுதச் சொல்லி அனுப்பினாள். அவள் மகளைத்தான் நான் மைனி என்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பத்து வயசில் கொழுந்து பறிக்கப் போனவர். 2003-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. முதல் ஓட்டுப் போட்டது 2004-இல், ஐம்பது வயசுக்கு மேல். நான் அதற்குள் இங்கே எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டேன், எத்தனை தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்து மற்றவர் விரலில் மை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன்.

2024 செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல். நம் ஊர் மாதிரி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற ஜனாதிபதி இல்லை. அங்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போட வேண்டும். 38 வேட்பாளர்கள். முக்கியமானவர்கள் மூன்று பேர்: சிலிண்டர் சின்னத்தில் ரணில் விக்கிரமசிங்க, தொலைபேசிச் சின்னத்தில் சஜித் பிரேமதாச, திசைகாட்டிச் சின்னத்தில் அநுர குமார திசாநாயக்க. பேச்செல்லாம் அநுரவைப் பற்றித்தான். தம்புத்தேகமையில் வளர்ந்த, சாதாரண அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை. 2019-இல் இதே பதவிக்கு நின்று 3.16 சதவீதம் வாங்கியவர். 2020 நாடாளுமன்றத்தில் அவர் அணிக்கு மூன்றே இடம். 2022-இல் பெட்ரோலும் அரிசியும் இல்லாமல் ஜனங்கள் தெருவுக்கு வந்து, கோத்தபய நாட்டை விட்டே ஓடிய பிறகு இவர் பேர் திடீரென்று மேலே வந்தது.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் மைனியைக் கூப்பிட்டேன். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: அநுர வருவாரா?

மைனியின் மருமகன் தொழிற்சங்கத்து ஆள். "சிலிண்டர்தான், மாமா. பெட்ரோலுக்கு நாள் கணக்குல வரிசைல நின்னோம். அந்த வரிசையை ஒழிச்சது ரணில்தான். எங்க சங்கமும் அவருக்குத்தான்." நாள் கூலி 1,700 ரூபாய் என்று அந்த மே தினத்தில் ரணில் அறிவித்திருந்தாரே, கைக்கு வந்ததா என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போயிட்டான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

பேத்தி கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஓட்டுப் போடவே லீவு எடுத்து வந்திருந்தாள். "தாத்தா, நீங்க வருவாரான்னு கேக்குறீங்க. நாங்க வரட்டும்னு போடுறோம்" என்றாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று சிரித்துவிட்டேன்.

மைனி கடைசியில் பேசினார். "தம்பி, அந்த ஆளுங்க கட்சி ஒரு காலத்துல நம்மள இந்தியாக்காரன் ஏவி விட்ட ஆளுன்னு பாடம் நடத்தினவங்க. நான் மறக்கல." உண்மைதான். ஜே.வி.பி. தொடக்க காலத்தில் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத்துத் தமிழரை அதற்குக் கருவி என்று பார்த்தது. 1971-லும், 1987 முதல் 1989 வரையிலும் இரண்டு கிளர்ச்சிகள் நடத்தி, ஆயிரக்கணக்கில் உயிர் போன வரலாறும் அந்தக் கட்சிக்கு உண்டு. "ஆனா போன வருஷம் அவங்க ஹட்டனுக்கே வந்து, மலையக மக்களுக்குக் காணி, வீடு, மரியாதை வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. பேத்தி வாசிச்சுக் காட்டினா. எழுதினதைச் செய்வாங்களான்னு தெரியல. நம்மள ஒரு ஆளா மதிச்சு வந்து பேசினாங்க, அது ஒண்ணு இருக்கு" என்றார்.

அப்போது நான் சொன்னதைத்தான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மைனி, கணக்குப் பாருங்க. போன தடவை நூத்துக்கு மூணு. மூணு அம்பதாகறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஓட்டை வீணாக்காதீங்க. போனுக்கோ சிலிண்டருக்கோ போடுங்க."

அவர்தான் முன்னணியில் இருக்கிறார் என்று செய்திகளில் வந்துகொண்டிருந்தது. நான் நம்பவில்லை. என் கணக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மைனி பதில் சொல்லவில்லை. வேறு கேட்டார். "தம்பி, உங்க ஊருக்கு மேல மாஞ்சோலைத் தோட்டத்து ஆளுங்களையும் இறக்கி விடறாங்களாமே? டிவியில காட்டினாங்க."

"ஆமா மைனி. ஜூன் மாசத்தோட வேலை நின்னு போச்சு."

"அவங்களுக்கு ஓட்டு இருக்கா?"

"எப்பவும் இருக்கே."

"ஓட்டு இருந்துமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கிலிருந்து இறங்கி வந்து என்னிடம் படித்த பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பர் 21-இல் ஓட்டுப் பதிவு. மறுநாள் முடிவு வந்தது. அநுரவுக்கு 56,34,915 ஓட்டு, 42.31 சதவீதம். மூன்று என்றது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. ஆனால் பாதியைத் தாண்டவில்லை. அதனால் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணினார்கள்.

அங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு வரிசை போடலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், முன்னால் இருக்கும் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் இந்த இரண்டு பேரில் யாருக்காவது இருந்தால் அதைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தபோது அநுரவுக்கு 57,40,179, சஜித்துக்கு 45,30,902. செப்டம்பர் 23-இல் அநுர பதவியேற்றார்.

நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் கதை வேறு. அங்கே சஜித் முதலிடம், ரணில் இரண்டாமிடம், அநுர மூன்றாமிடம். வடக்கிலும் கிழக்கிலும் கூடத் தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகள் அநுரவை நம்பவில்லை. "பார்த்தீங்களா, நம்ம ஆளுங்க கணக்கு வேற" என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு மைனிக்குப் போன் போட்டேன்.

"யாருக்குப் போட்டீங்க மைனி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீங்க படிச்சவங்க, வீணாக்காதேன்னு சொன்னீங்க. போனுக்கு ஒண்ணு போட்டேன். மனசு கேக்கல. திசைகாட்டிக்கு ரெண்டு போட்டேன். அது அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்கும்ல தம்பி?"

போய்ச் சேரவில்லை. சஜித் முதல் இருவரில் ஒருவர். அவருக்கு 1 போட்ட சீட்டில் இருக்கும் 2-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். ஐம்பது வயசு வரை ஓட்டே இல்லாமல் இருந்த ஒரு மனுஷி தன் மனசில் இருந்ததைச் சீட்டில் எழுதினார். அது எண்ணப்படாத இடத்தில் விழும்படி செய்தவன் நான். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்படியா? சரி, விடுங்க" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 14-இல் நாடாளுமன்றத் தேர்தல். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 225 இடங்களில் 159 திசைகாட்டிக்கு. செப்டம்பரில் மூன்றாமிடம் வந்த நுவரெலியா மாவட்டத்தில் இப்போது முதலிடம். யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவர்களே முதலிடம். பதுளையிலும் நுவரெலியாவிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் ஆளுக்கொருவர் ஜெயித்து எம்.பி. ஆனார்கள். இரண்டு மாதத்தில் இப்படி மாறியதற்கு நாட்டில் எத்தனையோ காரணம் இருக்கும். எங்கள் மைனிக்கு ஒரு காரணம் இருந்தது. செப்டம்பரில் போட்ட 2-ஐ நவம்பரில் தன் முதல் ஓட்டாகப் போட்டுவிட்டார்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. மைனி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். காணி வரவில்லை. "நல்லா இருக்காங்களா, மோசமா இருக்காங்களா?" என்று கேட்டால், "பாப்போம். செய்யலைன்னா அடுத்த தடவை பேசிக்கலாம்" என்கிறார். அந்த 'அடுத்த தடவை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் அம்மாவுக்கு அந்தச் சொல் கடைசி வரை கிடைக்கவில்லை.

என்னிடம் படித்த இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து வந்தவர்கள் முகாமில் பிறந்தவன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவன். தேர்தல் சமயத்தில் அவனும் போன் பண்ணினான். யார் வருவாரென்று அவனிடமும் கேட்டேன். "சார், எனக்கு ரெண்டு ஊர்லயும் ஓட்டு இல்ல. யார் வந்தா என்னன்னு இருந்துட முடியல சார், ராத்திரி பூரா முழிச்சு ரிசல்ட் பாத்தேன்" என்றான். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவன். முப்பது வயசு தாண்டிவிட்டது.

டீக்கடையில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். விஜய் வருவாரா, ஸ்டாலின் இருப்பாரா, எடப்பாடி பிடிப்பாரா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உன் ஓட்டுக்கு அது தேவையில்லை. ஜெயிக்கிறவருக்குப் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. யார் வருவார் என்று கணக்குப் போடுவது என்னை மாதிரி ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு. நீ அந்த ஆளிடம் வேறு கேள். எங்கள் ஊர் ஆற்றில் சாக்கடை கலப்பதை என்ன செய்வாய்? மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களுக்கு என்ன செய்வாய்? பதில் உனக்குச் சரியாகப் பட்டால் 1 போடு. நம் ஊரில் 2 போட முடியாது. அதனால் மனசில் இருப்பதை முதலிலேயே போட்டுவிடு.

அப்படியே பட்டியலில் உன் பேர், வீட்டுக்காரி பேர், பதினெட்டு முடிந்த பிள்ளைகள் பேர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரிவதில்லை. எனக்கும் போன வருஷம் வரை தெரியவில்லை.

மைனி இந்தப் பதிவைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மைனி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்